குடும்ப வைத்தியரா, விசேட நிபுணரா?

மருத்துவ பீடத்தின் இறுதிப் பரீட்சையை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்நோக்கியிருக்கும் மாணவன் ஒருவன் வெள்ளவத்தையிலே ஒரு திருமண வீட்டுக்குச் செல்வானாயின், உறவினர் அவனிடம் கேட்கும் முதற் கேள்வி, "தம்பி, எதிலே விசேடமாகப் படிக்கப் போகிறீர்?" என்பதாகவே இருக்கும். இருதயமா, சத்திரசிகிச்சையா, குழந்தை மருத்துவமா என்று விடைகளையும் அவர்களே எடுத்துக் கொடுப்பர். "குடும்ப வைத்தியராக இருக்கலாம் என்று எண்ணுகிறேன்" என்று அவன் சொல்லிவிட்டாலோ, சற்று நேரம் அங்கே பேச்சு எழாது. பின்னர் பெரியவர் ஒருவர் இரக்கத்தோடு, "அதற்கென்ன, முதலில் சோதனையை எடும், பிறகு பார்ப்போம்" என்பார். மணமகன் தேவை விளம்பரங்களைப் படிப்போர்க்கு அந்த இரக்கத்தின் பொருள் நன்கு விளங்கும்.

அந்த இரக்கத்துக்கு நியாயம் உண்டா என்பதையே இன்று ஆராய விரும்புகிறேன். இது மாணவர்க்கு மட்டும் உரிய வினா அன்று. அவர்கள் எந்த வழியைத் தெரிந்தெடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே, இன்னும் இருபது ஆண்டுகளில் கொழும்பிலே நோயுற்ற ஒருவர் முதன்முதலாக எந்தக் கதவைத் தட்டுவார் என்பது தீர்மானமாகும்.

1958ஆம் ஆண்டிலே, பிரித்தானிய வைத்தியர்களின் வேதனத்தை ஆராய்ந்த அரச ஆணைக்குழுவின் முன்னிலையில் மொறன் பிரபு சாட்சியமளித்தார். அவர் சேர்ச்சிலின் வைத்தியர். லண்டன் மாநகரின் அரச வைத்தியர் கல்லூரிக்குத் தலைவராக விளங்கியவர். நிபுணராகும் ஏணியிலே ஏறப் புகுந்து இடையில் தவறி விழுந்தவர்களே பொது வைத்தியர்கள் என்னும் கருத்துப்பட அவர் அன்று பேசினார். அந்நாட்டுப் பொது வைத்தியர்கள் கொதித்தெழுந்தனர். அவர்கள் 1952ஆம் ஆண்டிலேயே தமக்கெனத் தனிக் கல்லூரி ஒன்றை நிறுவியிருந்தனர். 1966இல் அரசாங்கத்தோடு புதிய ஒப்பந்தம் ஒன்றையும் பெற்றனர். இன்று அங்கே பொது வைத்தியராக விரும்புவோர் மூன்றாண்டுகள் அதற்கெனவே பயின்று, தனிப் பரீட்சையிலும் சித்தியெய்த வேண்டும். எனவே, மொறன் பிரபு கூறிய ஏணியை அந்நாடு ஒருவாறு திருத்தியமைத்துக் கொண்டது. நம் நாட்டிலோ அது இன்னமும் பெரும்பாலும் பழைய சுவரிலேயே சாய்ந்து நிற்கின்றது.

கொழும்பு வைத்தியக் கல்லூரியின் தொடக்கத்தை நோக்குமிடத்து இது வியப்பையே தருகின்றது. 1870ஆம் ஆண்டில், தேசாதிபதி சேர் ஹேர்க்குலிஸ் றொபின்சன் காலத்தில், அக்கல்லூரி தோன்றியது. வன்னிப் பகுதியிலே பறங்கி நோய் பரவிக் குடிகள் அருகி வருவதைப் பற்றி டொக்டர் ஜேம்ஸ் லூஸ் என்பார் அளித்த அறிக்கையே அதற்குத் தூண்டுதலாயிற்று. அவரே அதன் முதல் அதிபருமானார். ஆகவே, காட்டுக் கிராமத்திலே காய்ச்சலும் புண்ணும் பிரசவமும் ஒருங்கே பார்க்கவல்ல பொது வைத்தியனை ஆக்குவதற்காகவே அக்கல்லூரி எழுந்தது என்று சொல்லலாம். நிபுணர் என்ற சொல் அங்கு வந்து குடியேறியது மிகப் பிந்திய காலத்திலாகும்.

இன்றைய மாணவன் செல்லும் பாதை யாது? உயர்தரப் பரீட்சையில் நாட்டிலேயே முன்னணியில் நின்று மருத்துவ பீடம் புகுகின்றான், ஐந்தாண்டுகள் படிக்கின்றான், ஓராண்டு உள்ளகப் பயிற்சி பெறுகின்றான், இலங்கை மருத்துவ சபையில் முழுப் பதிவும் பெறுகின்றான். நியமனங்கள் தரவரிசைப்படி நிகழ்கின்றன. அதன்பின் விரும்புவோர், 1980இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைத்து நிறுவப்பெற்ற பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சைக்கு அமர்கின்றனர். உள்நாட்டுப் பயிற்சி, எம்.டி. பரீட்சை, வெளிநாட்டுப் பயிற்சி ஆகிய எல்லாம் முடிந்து நிபுணர் என்னும் பெயர் கிட்டும்போது பெரும்பாலோர் முப்பத்தைந்து வயதைக் கடந்து விடுவர். சிறு வயதிலிருந்து வரிசையில் முன் நிற்கவே பழக்கப்பட்ட பிள்ளைக்கு, வரிசையின் அடுத்த படி எது என்று கேட்கத் தெரியுமேயன்றி, இந்த வரிசை எங்கே செல்கின்றது என்று கேட்கத் தோன்றுவதில்லை.

இதற்கு மாணவனைக் குறை கூறுதல் முறையன்று. அவன் எங்கே படிக்கின்றான் என்று பாருங்கள். பெரும் பகுதியும் போதனா வைத்தியசாலை வாட்டுகளிலேயே அவனுடைய காலம் கழிகின்றது. அங்கே அவன் காணும் ஆசிரியர் அனைவரும் நிபுணர். அவன் காணும் நோயாளர் அனைவரும் பல வாயில்களிலே சலித்துத் தெரிந்தெடுக்கப்பட்டு வந்தவர்கள். 1961ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் கேர் வைற் என்னும் மருத்துவரும் அவருடைய துணைவர் இருவரும் ஒரு கணக்கை வெளியிட்டனர். 1,000 வளர்ந்தோரை எடுத்துக் கொண்டால், ஒரு மாதத்திலே அவர்களுள் 750 பேருக்கு ஏதோவொரு சுகவீனம் நேருகின்றது. 250 பேர் வைத்தியரிடம் செல்கின்றனர். 9 பேர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுகின்றனர். 5 பேர் வேறொரு வைத்தியரிடம் அனுப்பப்படுகின்றனர். பல்கலைக்கழக வைத்தியசாலையைச் சென்றடைபவர் ஒரேயொருவர். நாற்பது ஆண்டுகளின் பின்னர், 2001இல் வேறு சிலர் இக்கணக்கை மீண்டும் செய்து பார்த்தபோது, அந்த ஒருவர் ஒருவரிலும் குறைந்தார். நம் மாணவன் ஐந்தாண்டுகளாகக் கற்பது அந்த ஆயிரத்தில் ஒருவரின் நோயையே. மற்ற 249 பேரைப் பற்றி அவன் கேள்விப்படுவது சில வாரங்களில் முடிந்துவிடுகின்றது.

"பெரிய நோயை அறிந்தவனுக்குச் சிறிய நோய் எம்மாத்திரம்?" என்று சிலர் கேட்கலாம். இந்த எண்ணமே எல்லாத் தவறுக்கும் வேர். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கை நேயர்கள் என்னோடு சேர்ந்து போட்டுப் பார்க்குமாறு வேண்டுகிறேன். ஒரு நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை ஒன்று இருக்கின்றது. நோயுள்ள பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு "உண்டு" என்றும், நோயற்ற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு "இல்லை" என்றும் அது சரியாகச் சொல்லும் என வைத்துக் கொள்வோம். பெரிய வைத்தியசாலையிலே அந்த நோய் உண்டெனச் சந்தேகித்து அனுப்பப்பட்ட 1,000 பேரில் 500 பேருக்கு உண்மையாகவே நோய் இருக்கும். அவர்களுள் 450 பேருக்கு "உண்டு" என வரும்; நோயற்றவருள் 50 பேருக்கும் தவறாக "உண்டு" என வரும். ஆகவே, "உண்டு" என்ற விடையைப் பத்தில் ஒன்பது பங்கு நம்பலாம். இதே சோதனையை ஒரு சந்தி டிஸ்பென்சரிக்கு வரும் 1,000 பேருக்குச் செய்தால் என்ன நேரும்? அங்கே நோயுள்ளவர் 20 பேர் என்போம். அவர்களில் 18 பேருக்கு "உண்டு" என வரும். நோயற்ற 980 பேரில் 98 பேருக்கும் "உண்டு" என்றே வரும். "உண்டு" எனப்பட்ட 116 பேரில் மெய்யாக நோயுள்ளவர் 18 பேர், அதாவது ஆறில் ஒருவருக்கும் குறைவு. சோதனை மாறவில்லை, இடந்தான் மாறியது. வைத்தியசாலையில் சரியான விவேகம் டிஸ்பென்சரியில் நூறு பேரை வீணே அச்சுறுத்தும் அவிவேகமாகிவிடுகின்றது.

ஆகவே, குடும்ப வைத்தியருடைய வித்தை நிபுணருடைய வித்தையில் ஒரு சிறு துண்டு என்று எண்ணலாகாது. பெயரிடப்படாத நோயோடு வருபவரை, அது பெயர் பெறுமுன்னரே பார்த்து, யாரை வீட்டுக்கு அனுப்பலாம், யாரை நாளை வரச் சொல்லலாம், யாரை இப்பொழுதே வாகனத்தில் ஏற்ற வேண்டும் என்று பிரித்தறிவதே அவருடைய தொழில்.

கொட்டாஞ்சேனைக்குச் செல்வோம். துறைமுகத்துக்கு அண்மையில், பொன்னம்பலவாணேசுவரர் கோயிலும் சென். லூசியா பேராலயமும் எழுந்து நிற்க, இடையே ஒடுங்கிய தோட்டங்களில் வீடுகள் ஒன்றையொன்று நெருக்கிக் கொண்டிருக்கும் பகுதி அது. மழை விட்ட இரண்டாம் வாரத்தில் ஒரு தாய் தன் பத்து வயது மகனை ஜம்பட்டா வீதியிலுள்ள ஒரு டிஸ்பென்சரிக்குக் கொண்டு வருகிறாள் என எண்ணுங்கள். காய்ச்சல் தொடங்கி இரண்டு நாள். உடல் உளைவு, தலையிடி, வேறொன்றுமில்லை. அன்று காலையிலிருந்து அதே குறிகளோடு வந்த பத்தாவது பிள்ளை அவன். அவர்களுள் ஒருவனுக்கு டெங்கு இருக்கலாம். எவனுக்கு என்பது அன்றைக்குத் தெரியாது.

2017ஆம் ஆண்டின் பெரும் டெங்குப் பரவலில் இலங்கையிலே 186,000க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 440 பேர் உயிரிழந்தனர். கொழும்பு மாவட்டமே ஆகக் கூடுதலாகப் பாதிக்கப்பட்டது. இந்நோயின் வஞ்சகம் யாதெனில், ஆபத்து காய்ச்சலின் உச்சத்தில் வருவதில்லை. மூன்றாம் நாளுக்குப் பின்னர், காய்ச்சல் தணியும் வேளையிலேயே, குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசியத் தொடங்குகின்றது. "காய்ச்சல் விட்டது, பிள்ளை தேறிவிட்டான்" என்று தாய் மகிழும் நேரமும், கைகால் குளிர்ந்து நாடி மெலியும் நேரமும் ஒன்றாக இருத்தல் கூடும். இதனை அறிந்த குடும்ப வைத்தியர் அன்று செய்வது வெளிப்பார்வைக்கு மிக அற்பம். பரசிற்றமோல் மட்டும் கொடுப்பார். அஸ்பிரின், ஐபியூபுரோபன் முதலியவற்றைக் கொடுக்க வேண்டாமென்பார். நாளைக்குக் குருதிச் சோதனையோடு மீண்டும் வரும்படி சொல்வார். வயிற்று நோவு, தொடர்ந்த வாந்தி, சலம் குறைதல், சோர்வு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் இரவென்று பாராமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்பதைத் தாயின் வாயாலேயே திருப்பிச் சொல்லுவிப்பார். மறுநாள் அவள் வரவில்லையாயின், அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் விசாரிப்பார். இந்த விசாரிப்புக்கு எந்தப் பரீட்சையிலும் புள்ளி வழங்கப்படுவதில்லை. எனினும், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓர் உயிரைக் காப்பதற்கும், அங்கே செல்லாமலே அவ்வுயிரைக் காப்பதற்கும் வேறுபாடு உண்டல்லவா?

வெள்ளவத்தையின் கதை வேறு விதம். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே அடுக்குமாடிகள் நிறைந்துவிட்ட இப்பகுதியிலே, பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருக்க, மாடியிலே தனித்து வாழும் முதியோர் பலர். பணத்துக்குப் பெரும் முட்டில்லை. நம் நாட்டிலே எந்த நிபுணரையும் எவரும் நேரே சென்று காணலாம். முதலில் ஒரு குடும்ப வைத்தியரைக் கண்டு கடிதம் பெற வேண்டும் என்னும் விதி கிடையாது. ஆகவே, முழங்கால் நொந்தால் எலும்பு நிபுணர், தலை சுற்றினால் இருதய நிபுணர், சீனி கூடினால் நீரிழிவு நிபுணர் என்று சனல் செய்து கொள்கின்றனர். வெளிநாட்டிலிருந்து மகனே தொலைபேசியில் முற்பதிவு செய்து கொடுப்பதும் உண்டு.

எழுபது வயதான ஒரு தாயாரை இங்கே கற்பனை செய்து கொள்வோம். முழங்கால் நோவுக்கு ஒருவர் டைக்ளோபெனக் கொடுக்கின்றார். அம்மாத்திரை உடலில் உப்பையும் நீரையும் தங்கச் செய்து குருதி அமுக்கத்தை உயர்த்த வல்லது. அமுக்கம் உயர்ந்ததைக் கண்ட மற்றவர் லொசாட்டனின் அளவைக் கூட்டி, சலத்தைப் பெருக்கும் மாத்திரை ஒன்றையும் சேர்க்கின்றார். இம்மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியோட்டம் தளர்வுறும் என்பது மருத்துவர் யாவரும் அறிந்தது. சில வாரங்களின் பின் சிறுநீரகச் சோதனை பிழைத்து வருகின்றது. நாலாவதாக ஒரு நிபுணர் தேடப்படுகின்றார். வயிறு எரிவதற்காக ஐந்தாவது மாத்திரையும் வந்து சேர்கின்றது. இங்கே தவறு செய்தவர் எவர்? எவருமில்லை. தத்தம் எல்லைக்குள்ளே ஒவ்வொருவரும் சரியானதையே செய்தனர். எல்லா மாத்திரைகளையும் ஒரே மேசையில் கொட்டிப் பார்த்து, முதலாவதை நிறுத்திவிட்டால் மற்றவற்றிற் பாதி வேண்டியதில்லை என்று சொல்வதற்கு ஒருவர் இல்லாது போனதே குறை. அந்த ஒருவருக்கே குடும்ப வைத்தியர் என்று பெயர்.

ஒரே வைத்தியரை நெடுங்காலம் நாடுவதாற் பயனுண்டா என்பதை நோர்வே நாட்டார் கணக்கிட்டுப் பார்த்துள்ளனர். அங்கே ஒவ்வொருவருக்கும் பெயர் குறித்த ஒரு வைத்தியர் உண்டு. ஏறக்குறைய 45 இலட்சம் மக்களின் பதிவுகளைக் கொண்டு 2021இல் வெளியிடப்பட்ட அந்த ஆராய்ச்சியின்படி, ஒரே வைத்தியரிடம் 15 ஆண்டுகளுக்கு மேலாகச் சென்றவர்களிடையே, ஓராண்டு மட்டும் சென்றவர்களிலும் பார்க்க மரணம் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அகால வேளையில் அவசர சிகிச்சை தேடுவதும் அவ்வாறே குறைந்திருந்தது. இத்தகைய கணக்கு காரண காரியத்தை முற்றாக நிறுவாது என்பது உண்மையே. ஆயினும், புதிய மருந்து ஒன்றுக்கு இத்தகைய பெறுபேறு கிடைத்திருப்பின், அதன் பெயர் இன்று எல்லாருடைய வாயிலும் இருந்திருக்கும்.

பழகிய வைத்தியரால் வரும் பயனில் ஒரு பெரும் பங்கு மொழியினால் வருவது. நம் மக்கள் தம் நோயைப் பாடப்புத்தகத்தின் சொற்களில் உரைப்பதில்லை. "நாரி உளையுது", "நெஞ்சுக்குள்ளே என்னவோ செய்யுது", "மேலெல்லாம் ஒரு மாதிரி" என்கின்றனர். இந்த "ஒரு மாதிரி" இரத்தச் சோகையா, மனத்துயரா, நெஞ்சு நோயின் முதற்குறியா என்று அறிவதற்கு, அவருடைய பேச்சும் குடும்பமும் தெரிந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே பணிபுரிந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இதனை நன்குணர்ந்தவர். 1847இல் இங்கு வந்த அவர், தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, உடற்கூறு, பிரசவ வைத்தியம் முதலிய நூல்களைத் தமிழாக்குவித்தார். அவரிடம் பயின்றோர் ஊர்தோறும் சென்று பொது வைத்தியம் செய்தனர். இன்று கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தமிழ் பேசும் குடும்ப வைத்தியர் அருகுவாராயின், நோயாளர் இழப்பது ஒரு வசதியை மட்டுமன்று. தம் நோயைத் தாமே சொல்லும் வாய்ப்பையும் இழக்கின்றனர்.

இத்துணை நன்மை இருந்தும் மாணவர் ஏன் இத்துறையை நாடுவதில்லை? மதிப்பு ஒன்று, பணம் மற்றொன்று. பணத்தைப் பற்றி மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. நம் டிஸ்பென்சரிகளின் வழக்கப்படி, பார்வைக்கும் மருந்துக்கும் சேர்த்து ஒரே தொகையே வாங்கப்படுகின்றது. நோயாளி தாம் கொடுத்தது மாத்திரைக்கும் கலவைக்குமே என்று எண்ணுகின்றார். "உங்களுக்கு மருந்தே வேண்டாம், இன்னும் இரண்டு நாள் பொறுத்திருங்கள்" என்று பத்து நிமிடம் விளக்கிய வைத்தியருக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் கையைப் பிசைகின்றார். மருந்துக்கு விலையுண்டு, ஆலோசனைக்கு விலையில்லை என்ற இந்த ஏற்பாடு, மருந்து கொடாமல் விடும் நல்ல வைத்தியரையே தண்டிக்கின்றது. நிபுணரோ பார்வைக்கென்றே கட்டணம் பெறுகின்றார். மருந்துக் கடையில் வேறு காசு. அரச சேவையில் இருப்பவருக்கு ஓய்வூதியம் உண்டு. கடமை நேரம் கழிந்தபின் தனியாகப் பார்க்கவும் இடமுண்டு. முழுநேரக் குடும்ப வைத்தியருக்கு ஓய்வூதியமுமில்லை, லீவுமில்லை. அவர் நோயுற்றால் கதவு பூட்டு. கட்டட வாடகை, மருந்துக் கொள்வனவு, உதவியாளர் சம்பளம் எல்லாம் அவர் தலையில். தனிமையும் உண்டு. வாட்டிலே சந்தேகம் வந்தால் பக்கத்தில் ஒருவரைக் கேட்கலாம். டிஸ்பென்சரியில் கேட்பதற்குச் சுவர்தான். இவற்றையெல்லாம் சொல்லாமல், "சேவை செய்ய வாருங்கள்" என்று மாணவரை அழைப்பது நேர்மையாகாது.

இங்கே ஒரு விநோதத்தையும் குறிப்பிடலாம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் ஆயிரத்துக்கு மேற்பட்ட வைத்தியர்கள் நாட்டை விட்டு நீங்கினர். பிரித்தானியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் செல்பவர்களுள் பொது வைத்தியத் துறையிலே பயின்று அதில் நிலைபெறுபவர் உளர். கொட்டாஞ்சேனையில் எந்தத் தொழிலைச் செய்ய நாணினரோ, அதே தொழிலை அங்கே பெருமையோடு செய்கின்றனர். மனிதர் மாறவில்லை. அங்கே அத்தொழிலுக்குப் பயிற்சியும் பட்டமும் ஊதியமும் உரிய நோயாளர் பட்டியலும் உண்டு. ஆகையால் மதிப்பும் உண்டு.

நோயாளர் பட்டியல் என்பது நமக்குப் புதியதன்று என்பதையும் நினைவூட்ட வேண்டும். 1926இல் களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட நாள் முதலாக, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு மருத்துவமாது, அவருக்கு மேலே ஒரு சுகாதார வைத்திய அதிகாரி என்ற ஒழுங்கு நாடெங்கும் பரவியது. கர்ப்பிணியான பெண் தன் மருத்துவமாது யார் என்பதை அறிவாள். மருத்துவமாதும் அவள் வீட்டை அறிவார். 1930களில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 2,000 தாய்மார் இறந்த இந்நாட்டிலே, அத்தொகை அண்மைக் காலத்தில் 30, 40 என்ற அளவுக்கு இறங்கியதில் இவ்வொழுங்குக்குப் பெரும் பங்குண்டு. ஆனால், அதே வீட்டிலிருக்கும் அறுபது வயது நீரிழிவு நோயாளியிடம், "உமது வைத்தியர் யார்?" என்று கேட்டால் அவர் விழிக்கின்றார். இன்று இந்நாட்டு மரணங்களில் பத்தில் எட்டுப் பங்கு இருதய நோய், நீரிழிவு, புற்றுநோய் முதலிய தொற்றா நோய்களால் நேர்பவை. இவை ஆண்டுக்கணக்காக ஒருவரே கவனித்து வர வேண்டிய நோய்கள். 2018இல் சுகாதார அமைச்சு வகுத்த கொள்கை, சிறு வைத்தியசாலைகளுக்கு அண்மையிலுள்ள மக்களைப் பதிவு செய்து, பெரிய வைத்தியசாலைகளோடு அவற்றைக் கொத்தாக இணைக்க முற்பட்டது. மருத்துவமாதுவிடம் நாம் கற்ற பாடத்தை நூறாண்டு கழித்து வைத்தியரிடத்தும் பொருத்திப் பார்க்கும் முயற்சி இது. கட்டடம் எழுப்புவது எளிது. அதற்குள்ளே பத்தாண்டு நிலைத்திருக்கும் வைத்தியரைப் பெறுவதே அரிது.

நிபுணர் வேண்டாமென்று நான் வாதிப்பதாக எவரும் கொள்ளற்க. கொழும்புக்கு வெளியே பல மாவட்டங்களிலே போதிய நிபுணர் இல்லை என்பதும் உண்மையான குறையே. ஒரே பொருளை ஆழ அகழ்வதில் இன்பம் காண்பவர், சத்திரசிகிச்சைக்கு இயல்பான கைவன்மை உள்ளவர், ஆராய்ச்சியில் நாட்டமுள்ளவர் ஆகியோர் அவ்வழியே செல்லட்டும். ஆனால், மனிதரோடு பழகுவதில் விருப்பமும், நிச்சயமின்மையைத் தாங்கும் மனமும், ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையை நினைவில் வைத்திருக்கும் பொறுமையும் உடைய மாணவன், உறவினரின் இரக்கத்துக்கு அஞ்சி, தனக்குப் பிடியாத ஒரு துறையில் நாற்பது வயது வரை பரீட்சை எழுதிக் கொண்டிருப்பது அவனுக்கும் நட்டம், நாட்டுக்கும் நட்டம்.

அத்தகைய மாணவருக்கு இன்று வழியே இல்லையென்று சொல்வதற்கில்லை. குடும்ப மருத்துவம் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்திலே டிப்ளோமாவாகவும், அதற்கு மேல் எம்.டி.யாகவும் பயிலத்தக்க தனித்துறையாகிவிட்டது. களனி மருத்துவ பீடத்தில் குடும்ப மருத்துவத்துக்கென ஒரு துறையும், யாழ்ப்பாணத்தில் சமுதாய, குடும்ப மருத்துவத் துறையும் இயங்குகின்றன. பொது வைத்தியர்களுக்கென 1974இல் அமைந்த கல்லூரியும் உண்டு. உள்ளகப் பயிற்சி முடிந்து நியமனத்துக்குக் காத்திருக்கும் மாதங்களில், ஒரு முதிய குடும்ப வைத்தியரின் அறையில், அவர் ஓய்வெடுக்கும் நாட்களுக்குப் பதிலாளாக இருந்து பார்ப்பது பழைய வழக்கம். முதல் வாரம் அலுப்பாகவே இருக்கும். எல்லாம் தடிமனும் இருமலும் போலவே தோன்றும். மூன்றாவது வாரத்தில், முதல் வாரம் வந்த ஒருவர் மீண்டும் வந்து, அன்று சொல்லாத ஒன்றைச் சொல்லத் தொடங்குவார். அதன் பின்னரே தெரிவுப் பரீட்சைக்கு விண்ணப்பிப்பதா, எந்தத் துறைக்கு விண்ணப்பிப்பது என்று முடிவு செய்வது தக்கது.

நோயாளராகிய நாமும் செய்யக் கூடியது ஒன்றுண்டு. வீட்டிலுள்ள மாத்திரைகள், சோதனைத் தாள்கள், நிபுணர்களின் குறிப்புகள் அனைத்தையும் ஒரு பையில் இட்டு, அயலிலுள்ள ஒரு குடும்ப வைத்தியரிடம் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துக் கொண்டு செல்லுதல். மருந்து எதுவும் தராமல் அரை மணி நேரம் அவற்றைப் படித்து, இரண்டு மாத்திரைகளை ஒதுக்கி வைப்பாராயின், அந்த அரை மணி நேரத்துக்கு உரிய கட்டணத்தைக் கேட்டுக் கொடுத்துவிட்டு வருதல் வேண்டும்.